பிறகு நடந்தது

அவர் எந்தப் படத்தையும் அது முடிந்த இடத்தில் விட்டதில்லை.

கடைசி றீல் ஓடித் தீரும். பிலிமின் வால் உருளையில் டப் டப்பென்று அடிக்கத் தொடங்கும். திரையில் வெறும் வெள்ளை வெளிச்சம் நிற்கும். வேறொருவர் என்றால் விளக்கை அணைத்துப் பெட்டியைக் கட்டியிருப்பார். அவர் அந்த வெளிச்சத்தை எரியவிட்டபடியே மைக்கில் சுற்றியிருந்த கைக்குட்டையைச் சரிசெய்து, வாயிலிருந்த கராம்பைக் கன்னத்தின் ஓரத்துக்கு ஒதுக்கி, "பிறகு..." என்று தொடங்குவார். எங்கள் சனம் எழும்பாமல் இருந்ததே அதற்காகத்தான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் முள்ளியவளைக்கு அப்பால், காடு வெட்டிக் குளம் கட்டிய ஒரு குடியேற்றத் திட்டத்தில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தேன். வயது முப்பத்திரண்டு. கலியாணம் ஆகவில்லை. யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படித்து வந்தவன் என்ற தலைக்கனம் மட்டும் நிறைய இருந்தது. கடையோடு ஒட்டிய நெற்களஞ்சியத்துப் பூட்டின் திறப்பும் என்னிடம்தான். மாதம் ஒருமுறை அரசாங்கத்தின் படவான் வரும்போது அந்தக் களஞ்சியத்தைத் திறந்துவிடுவது என் பொறுப்பு. வானில் ஒரு சாரதியும் அவரும் வருவார்கள். சனம் அவரைப் படக்கார ஐயா என்றது. அவருடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை அதை நான் கடதாசியில் எழுதியதே போதும்.

மற்ற ஊர்களில் படவான் பொழுதுபட்ட பிறகுதான் படம் காட்டும். எங்களிடத்தில் அது நடக்காது. பொழுதுபட்டால் குளக்கட்டில் யானை இறங்கிவிடும். ஆகையால் பின்னேரம் மூன்று மணிக்கே களஞ்சியத்தின் யன்னல்களில் சாக்குகளைக் கட்டி, கதவைச் சாத்தி, உள்ளே இருட்டாக்கிப் படம் காட்டினோம். இரண்டு நெல்மூட்டை அடுக்குகளுக்கு நடுவே வெள்ளைச் சீலை. வெளியே பாலைமரத்தின் கீழ் ஜெனரேற்றர். உள்ளே நூற்றைம்பது பேரின் வியர்வையும் நெல் மணமும். புறொஜெக்ரரின் வெளிச்சக் கற்றைக்குள் உமித்தூசி பறக்கும். இருமாமல் படம் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

முதலில் அவர் காட்டியவை அரசாங்கப் படங்கள். மலேரியா நுளம்பு, எரு, கிணற்றுநீர் சுடவைத்தல். அவற்றையும் அவர் சும்மா விடவில்லை. பாம்பு கடித்தவனை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் மந்திரிக்கக் கொண்டுபோய் அவன் செத்துப்போகும் படம் ஒன்று இருந்தது. சனம் பயந்து திருந்த வேண்டும் என்பதற்காகவே எடுத்த படம். அவன் செத்தான், படம் முடிந்தது. வெள்ளை வெளிச்சத்தில் அவர் தொடங்கினார்.

"பிறகு, தூக்கிக்கொண்டு போகேக்கை வழியிலை ஒரு டொக்டரின்ரை கார் வந்தது. டொக்டர் இறங்கி நாடி பிடிச்சுப் பாத்தார். ‘ஆர் சொன்னது இவன் செத்துப்போனான் எண்டு?’ எண்டு கேட்டார்."

களஞ்சியம் முழுவதும் கைதட்டியது. எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. அரசாங்கம் செலவழித்து ஒருவனைக் கொன்றது, இவர் செலவில்லாமல் எழுப்பிவிட்டார் என்று சாரதியிடம் நக்கலடித்தேன். சாரதி, "எங்கை போனாலும் இதுதான், மனேச்சர். இவர் காட்டின படத்திலை ஒருத்தரும் இன்னும் சாகேல்லை" என்றான்.

இத்தாலிப் படங்கள் பிறகுதான் வந்தன. கொழும்பில் ஏதோ ஒரு படச் சங்கத்தில் அவர் உறுப்பினர். அங்கே ஒரு தூதரகத்தின் வழியாக இரவல் வரும் படங்களைக் கேட்டு வாங்கி, அரசாங்கப் பெட்டிகளுக்குக் கீழே ஒளித்துக் கொண்டுவருவார். அனுமதி இல்லை. இருந்தாலும் அந்தப் பெட்டியைத் திறக்கும்போது அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும். பிலிமை மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்ப்பார்.

"இதிலை வாறவை ஒருத்தரும் நடிகர்மாரில்லை" என்று மைக்கில் சொல்வார். "அந்த மனிசி உண்மையிலேயே உடுப்புத் தோய்க்கிறவா. அந்தக் கிழவர் உண்மையிலேயே வேலையில்லாதவர். வீடு செற் போட்டதில்லை, குண்டு விழுந்த வீடுதான். சண்டை முடிஞ்ச கையோடை எடுத்த படங்கள். ஸ்ரூடியோவும் இல்லை, பிலிமும் துண்டு துண்டாய்த்தான் கிடைச்சது. தெருவிலை இறங்கி, இருக்கிறதை இருக்கிறபடி எடுத்தவங்கள்."

முதல் படத்தில் பாட்டு இல்லையா என்று சனம் முணுமுணுத்தது. ஆனால் கால் மணித்தியாலத்துக்குள் எல்லாரும் அடங்கிவிட்டார்கள். அங்கே வெள்ளைக்காரர் பேக்கரி வாசலில் பாணுக்கு வரிசையில் நின்றார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் செருப்பில்லாமல் ஓடினார்கள். எங்கள் சனம் கண்ட வெள்ளைக்காரர் எல்லாம் தொப்பி வைத்து ஜீப்பில் வந்து குளத்தை அளந்தவர்கள்தான். என் கடையில் கூப்பனுக்கு அரிசி வாங்கும் ஒரு கிழவர் பின்னாலிருந்து, "அவைக்கும் கூப்பனோ?" என்று சத்தமாகக் கேட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் தன் மடியிலிருந்த வறுத்த கச்சான் பொட்டலத்தைத் திரைப்பக்கம் நீட்டியதை நான் கண்டேன். தானறியாமல் நீட்டிவிட்டு வெட்கப்பட்டு இழுத்துக்கொண்டாள்.

படம் ஓடும்போது அவர் திரையைப் பார்ப்பதேயில்லை. படம் அவருக்கு மனப்பாடம். முகத்தைச் சனத்தின் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, எழுத்தறியாத அயலாளுக்குக் கடிதம் வாசித்துக் காட்டுபவரைப்போல மெல்லிய குரலில் தமிழில் சொல்லிக்கொண்டு போவார். யார் முகம் எங்கே மாறுகிறது என்று பார்த்துக்கொண்டேயிருப்பார். நானோ கடைசி மூட்டையில் குந்தியிருந்து, திரையின் அடியில் ஓடும் ஆங்கில எழுத்துகளை வாசித்து, அவர் எங்கே பிழை விடுகிறார் என்று பிடிப்பேன். உள்ளதைச் சொன்னால், படம் முடியும் வரை அவர் ஒரு சொல்லையும் பிழையாகச் சொன்னதில்லை. பிழையெல்லாம் அதற்குப் பிறகுதான். அந்தப் படங்களுக்கு முடிவென்று ஒன்றும் இருக்காது. வேலையில்லாதவன் வேலையில்லாமலே கூட்டத்துக்குள் நடந்து போவான். இவர் அடுத்தநாள் அவனுக்கு வேலை எடுத்துக் கொடுப்பார்.

ஒருநாள் கடையில் வெறுந்தேத்தண்ணி குடிக்கும்போது நான் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஐயா, இருக்கிறதை இருக்கிறபடி எடுத்த படம் எண்டு நீங்கள்தானே சொல்லுறியள். பிறகேன் பொய்யைக் கூட்டிச் சொல்லுறியள்?"

அவர் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு சிரித்தார். "நான் படத்திலை கை வைக்கேல்லையே, தம்பி. படம் முடிஞ்ச பிறகு நடந்ததைத்தானே சொல்லுறன்."

"அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாதுதான். ஆனால் அவையளுக்கும் அடுத்தநாள் விடிஞ்சிருக்குந்தானே." தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: "அந்தப் படத்தைத் தங்கடை ஊரிலை பாத்த சனம் வெளியாலை வரேக்கை தெரு இருந்திருக்கும், லைற் இருந்திருக்கும், கதைக்க ஆக்கள் இருந்திருப்பினம். எங்கடை சனம் இந்தக் கதவைத் திறந்தால் காடு. வெறுங்கையோடை அனுப்ப எனக்கு மனம் வரேல்லை."

நல்ல பதில்தான். ஆனால் படத்துக்கு வெளியேயும் அவர் இப்படித்தான் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஒருமுறை காய்ச்சலில் கிடந்த ஒரு கமக்காரரைத் தன் வானிலேயே முல்லைத்தீவு ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டு வந்தார். மகன் வாசலில் நின்று, தகப்பன் எப்படி என்று கேட்டான். "எழும்பி இருந்து கதைச்சவர். சோறு கேட்டவர். நீ நாளைக்கு ஆறுதலாய்ப் போய்ப் பார்" என்றார். விடியப்புறம் அந்த மனிதர் இறந்துவிட்டார். கொண்டுபோகும்போதே நினைவில்லை என்று சாரதி பிறகு என்னிடம் சொன்னான். அன்றைக்கே புறப்பட்டிருந்தால் மகன் தகப்பனை உயிரோடு கண்டிருப்பான். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனால் அந்த மகன் அடுத்த மாதமும் படம் பார்க்க வந்து முன்வரிசையில் இருந்தான். அது எனக்கு விளங்கவேயில்லை.

இனிச் சொல்ல வெட்கமான பகுதிக்கு வருகிறேன்.

களஞ்சியத்தில் நெல் புடைக்க வந்த பெண்களில் பவளம் என்றொருத்தி. தமையனின் காணியில் ஒரு சிறு கொட்டிலில் இருந்தாள். அவளுடைய புருஷன் தெற்கே ஒரு பேக்கரியில் வேலை செய்தவன். ஐம்பத்தெட்டுக் கலவரத்தின்போது அவன் என்ன ஆனான் என்று ஒருவருக்கும் தெரியாது. அங்கிருந்து தப்பிக் கப்பலில் வந்த சனத்தோடு அவன் வரவில்லை. ரயிலிலும் வரவில்லை. நாலு வருஷமாக அவள் பொட்டை அழிக்கவில்லை. நான் அவளை விரும்பினேன். அவள் சுளகு புடைக்கும்போது இடையில் நிறுத்திக் காற்றைப் பார்க்கும் விதம் இன்றைக்கும் என் கண்ணுக்குள் இருக்கிறது. அவளிடம் ஒரு சொல்லும் சொல்லத் துணியாமல் தமையனிடம் போய்ப் பெண் கேட்டேன். அவர் நல்ல மனிதர். "அவளின்ரை மனமும் கொஞ்சம் இளகித்தான் இருக்கு, மனேச்சர். புருஷன் இல்லையெண்டு எடுத்து அந்தியேட்டியைச் செய்து முடிப்பம் எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறன். பங்குனி பிறக்கட்டும்" என்றார். அந்த மாசியைப்போல ஒரு மாசி எனக்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

அந்த மாசிக் கடைசியில்தான் அவர் அந்தக் கோட்டுப் படத்தைக் கொண்டுவந்தார்.

சண்டைக்குப் போன புருஷன் திரும்பவில்லை. மனைவி ஒவ்வொரு நாளும் அவனுடைய குளிர்க்கோட்டைச் சுமந்துகொண்டு ரயில் நிலையத்துக்குப் போகிறாள். படைக்குப் போனவர்கள் வந்து இறங்குகிறார்கள், அவன் இல்லை. இவ்வளவு பாரமான உடுப்பை ஏன் சுமக்கிறாள் என்று சனத்துக்குள் ஒருவர் கேட்க, படக்கார ஐயா அந்த ஊர்க் குளிரைப் பற்றி விளக்கினார். கடைசியில் ஒருநாள் ரயில் மேடையில் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த ஓர் அந்நியனிடம் கோட்டைக் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு அவள் நீளத் தெருவில் நடந்து போகிறாள். அழவில்லை. முகத்தைக்கூடக் காட்டவில்லை, முதுகுதான். படம் முடிந்தது.

பவளம் இடதுபக்கம் பெண்களோடு இருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை வெளிச்சம் வந்தது. அன்றைக்கு அவர் தொடங்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

"பிறகு... அந்தக் கோட்டை வாங்கினவன் ஒரு நோயாளி. அவனை ஆசுப்பத்திரியிலை படுக்க வைச்சினம். பக்கத்துக் கட்டிலிலை தலையிலை கட்டுப் போட்டபடி ஒருத்தர். பேர் ஊர் ஒண்டும் நினைவில்லாமல் கிடந்தவர். இவன் கோட்டைக் கழட்டிக் கதிரையிலை போட, அவர் உத்துப் பாத்தார். கையை நீட்டித் தடவிப் பாத்தார். ‘இது என்ரை கோட்டெல்லோ?’ எண்டார்."

களஞ்சியத்துக்குள் ஒரு பெருமூச்சு எழும்பியது. சாக்கை விலக்கிக் கதவைத் திறந்துவிட்டபோது பவளம் என்னைக் கடந்து போனாள். அவளுடைய முகத்தில் நான் அதுவரை காணாத ஒரு தெளிவு இருந்தது. இரண்டு நாள் கழித்துத் தமையன் கடைக்கு வந்து, சீனி கேட்டு, சீனியை வாங்காமல் நின்றார். "குறை நினையாதேங்கோ, மனேச்சர். அவள் புருஷன் வருவார் எண்டு பாத்துக்கொண்டு இருக்கப்போறாளாம். அந்தியேட்டிக் கதையை இனி எடுக்க வேண்டாமாம்" என்றார்.

அன்றைக்கே மேலிடத்துக்குப் பெட்டிசம் எழுதினேன். கையெழுத்து வைக்கவில்லை. அரசாங்க வானில் அனுமதியில்லாத வெளிநாட்டுப் படங்களைக் காட்டுகிறார், படத்தில் இல்லாததைச் சொல்லி அறியாத சனத்தை ஏமாற்றுகிறார் என்று நல்ல ஆங்கிலத்தில், பந்தி பந்தியாக. எழுதும்போது உண்மைக்காகத்தான் எழுதுகிறேன் என்று நம்பினேன். அந்தத் திட்டத்தில் அப்படி ஆங்கிலம் எழுத என்னை விட்டால் ஆளில்லை என்பது, எழுதுகிற நேரம் என் மூளையில் படவில்லை. மொட்டைப் பெட்டிசம் எழுதிவிட்டு, பேரைத் தலையில் ஒட்டிக்கொண்டு திரிந்தேன்.

சித்திரை கழிந்து விசாரணைக்கு ஓர் உத்தியோகத்தர் வந்தார். வெளிநாட்டுப் படங்களைக் காட்டியதற்கு எச்சரிக்கையோடு விட்டுவிடலாமாம். சனத்தை ஏமாற்றியது உண்மையென்றால் வேலை நிற்குமாம். படச் சுருள்கள் தூதரகத்துக்குத் திரும்பிப் போய்விட்டதால் போட்டுப் பார்க்கவும் வழியில்லை, பார்த்தவர்கள் சொல்வதுதான் சாட்சி. அன்று காலையே சாரதி கடைக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு, "ஐயாவின்ரை சோறு இண்டைக்கு உங்கடை வாயிலைதான், மனேச்சர். அவருக்குப் பென்சனுக்கு இன்னும் மூண்டு வருஷந்தான்" என்றான். நான் களஞ்சியத் திறப்பை எடுத்துக்கொண்டு போனேன்.

களஞ்சியத்தில் மேசை போட்டு ஒவ்வொருவராகக் கேட்டார்கள். கூப்பன் கிழவர் வந்தார். "அவர் படத்திலை இருந்ததைத்தான் சொன்னவர்" என்றார். தகப்பனைக் காணாமல் இழந்த அந்த மகன் வந்தான். அவனும் அதையே சொன்னான். பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே குரலில் சொன்னார்கள். பவளத்தைக் கூப்பிட்டார்கள்.

"கோட்டுப் படத்திலை கடைசியா என்ன நடந்தது?"

"அவர் கோட்டைக் கண்டார். ‘என்ரை கோட்டெல்லோ’ எண்டார்."

"அது படத்திலை இருந்ததோ? இல்லை, இவர் வாயாலை சொன்னதோ?"

"படத்திலை இருந்தது, ஐயா. நான் என்ரை கண்ணாலை கண்டனான்."

உத்தியோகத்தர் பேனையை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீர் இங்கிலீசு தெரிஞ்ச ஆள். நீர் சொல்லும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். படக்கார ஐயா மட்டும் என்னைப் பார்க்கவில்லை. நெல்மூட்டையில் சாய்ந்து நின்று, யன்னலில் கட்டாமல் விட்ட சாக்கின் நூலை இழுத்துக்கொண்டிருந்தார். ஓம், படத்தில் இருந்தது என்று சொல்லியிருந்தால் போதும். பவளம் அங்கே நின்றதால் என்னால் சொல்ல முடியவில்லை. அவள் கேட்க வேண்டும் என்று நினைத்தேன்.

"இல்லை" என்றேன். "அந்த மனிசி தனிய நடந்து போறதோடை படம் முடிஞ்சுது. மிச்சம் இவர் கட்டினது."

அவர் நிமிர்ந்தார். "மனேச்சர் சொல்லுறது சரி, ஐயா" என்றார்.

வெளியே பவளம் பாலைமரத்தடியில் நின்றாள். அவ்வளவு நாளில் அவளாக என்னிடம் வந்து பேசியது அன்றைக்குத்தான்.

"அவா தனியப் போனதை நாங்கள் காணேல்லை எண்டே நினைச்சியள்? இங்கிலீசு தெரியாட்டில் கண்ணும் தெரியாதோ? ஆசுப்பத்திரியும் இல்லை, கட்டிலும் இல்லை எண்டு எனக்குத் தெரியும். என்ரை மனிசன் வரமாட்டார் எண்டும் தெரியும். நாலு வருஷமாய் எல்லாரும் வந்து அழி, முடி எண்டுதான் சொன்னவை. அந்த மனிசன் ஒருத்தர்தான் எனக்கு வேறை ஒரு கதை சொன்னவர். அதையும் உங்களாலை பொறுக்கேலாமல் போச்சு."

சுளகை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பிறகு அவள் களஞ்சியத்துக்கு வேலைக்கு வரவில்லை. அவ்வருஷமே தமையனிடம் சொல்லிக்கொண்டு வவுனியாப் பக்கம் ஒரு சொந்தக்காரரிடம் போனதாகக் கேள்வி. நான் பிறகு வேறெங்கும் பெண் கேட்கவில்லை.

அடுத்த மாதம் அவர் கடைக்கு வந்தார், வானில் இல்லை, பஸ்ஸில். கையில் ஒரு துணிப்பை மட்டும். நான் பெட்டிசக்காரன் என்று அவருக்குத் தெரியாமலிருக்க வழியில்லை. இருந்தும் எப்போதும்போலத் தேத்தண்ணி கேட்டு, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு சொன்னார்:

"தம்பி, ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. எல்லாம் நல்லதாய் முடிஞ்சுது. என்னைக் கொழும்புக்கு எடுத்திருக்கினம். படப் பெட்டியள் அடுக்கி வைக்கிற அறைக்கு நான்தான் பொறுப்பு. விரும்பின இத்தாலிப் படத்தை விரும்பின நேரம் போட்டுப் பாக்கலாம். இந்த வயசிலை இனி வானிலை அலையத் தேவையில்லை. ஒருவகையிலை உங்களுக்குத்தான் நன்றி சொல்லவேணும்."

"மிச்சம் சந்தோசம், ஐயா" என்றேன். அவருடைய நீளக் காற்சட்டையின் விளிம்பு அவிழ்ந்து தொங்கியதைக் கண்டேன். கண்டும் சந்தோசம் என்றேன். அன்றிரவு மாதக்கணக்கில் வராத நித்திரை வந்தது.

படவான் நின்றுவிடவில்லை. புதிதாக ஒருவர் வந்தார். படித்தவர், கெட்டிக்காரர், படத்தில் உள்ளதை மட்டும் சொன்னார். முதல் நாள் படம் முடிந்து பிலிம் வால் டப் டப்பென்று அடித்தது. அவர் விளக்கை அணைக்கப் போனவர் சனத்தைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார். ஒருவரும் எழும்பவில்லை. நூற்றைம்பது பேரும் அந்த வெள்ளைச் சீலையைப் பார்த்தபடி அப்படியே இருந்தார்கள். "முடிஞ்சுது, போகலாம்" என்று அவர் இரண்டு தரம் சொன்னார். நான்தான் போய்க் கதவைத் திறந்துவிட்டேன்.

ஏழெட்டு வருஷம் கழித்து வவுனியா பஸ் நிலையத்தில் பழைய சாரதியைக் கண்டேன். தலை நரைத்திருந்தது. சுகம் விசாரித்துவிட்டு, கொழும்பில் படக்கார ஐயா இன்னும் அந்தப் பெட்டி அறையில்தானா, அல்லது பென்சன் எடுத்துவிட்டாரா என்று கேட்டேன்.

"எந்த அறை?" என்றான். "விசாரணை முடிஞ்ச கிழமையே அவரை நிப்பாட்டிப் போட்டினமெல்லோ. பென்சனும் இல்லை. கொஞ்ச நாள் ஒரு தியேட்டர் வாசலிலை ரிக்கற் கிழிச்சுக்கொண்டு நிண்டவர். அதுவும் பேந்து இல்லாமல் போச்சு."

என்னுடைய பஸ் புறப்படத் தயாராக நின்றது. நான் ஏறவில்லை. அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பிறகு?" என்று கேட்டேன்.

அவன் என்னை ஒரு முறை பார்த்தான்.

"பிறகு எனக்குத் தெரியாது, மனேச்சர்."